மெட்ரிக் சேர்வர் அமைப்பை மாற்றும்போது டைஜெஸ்ட் அனுப்பத்தான் வேண்டுமா?

2025 யூன் 14 (கிண்ணியாவிலிருந்து வந்த கேள்வி)

அண்ணை, எங்கள் இடத்தில் ஒரு ப்ரொக்ஸ்மொக்ஸ் பெக்கப் சேர்வர் (தரவின் காப்பு நகல்களை வைத்திருக்கும் மென்பொருள்) ஓடுகிறது. அதிலிருந்து இன்ஃப்ளக்ஸ்டிபி என்ற தரவுத்தளத்துக்குப் போகும் மெட்ரிக்கை, அதாவது சீபியு, வட்டு போன்றவற்றின் அளவீடுகளை, புதுப் பெட்டிக்கு மாற்ற வேண்டும். முகவரி, டோக்கன் (உள்ளே விடும் இரகசியச் சரம்), பக்கெட் (தரவு சேரும் இடம்) மூன்றும் மாறுகிறது. ஏபிஐ (நிரல்கள் சேர்வரோடு பேசும் வாசல்) வழியாகச் செய்ய ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருக்கிறேன். அதில் டைஜெஸ்ட் என்று ஒரு புலம் இருக்கிறது, கட்டாயமில்லை என்று போட்டிருக்கிறது. விட்டுவிடலாம்தானே? இன்னொன்று, மாற்றும் நேரத்தில் பெக்கப் ஓடிக்கொண்டிருந்தால் பழுதாகுமா?

யூன் 14, இரவு

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில், பயம் அங்கேதான் இருக்கிறது. பழுதாகாது. மெட்ரிக் அனுப்புவது பக்கத்து வேலை. பெக்கப்போ, சரிபார்ப்போ, பாவனையில்லாத தரவைத் துடைக்கும் கார்பேஜ் கலெக்‌ஷனோ இதைப் பார்த்துக்கொண்டு நிற்பதில்லை. இன்ஃப்ளக்ஸ் பெட்டி செத்தே போனாலும் இரவு பெக்கப் அதன் நேரத்துக்கு ஓடும். பெக்கப் சேர்வரின் சொந்த வரைபடங்கள்கூட உள்ளேயே ஆர்ஆர்டி கோப்புகளில் சேருகின்றன, வெளியே போவது அதன் மேலதிகம்.

டைஜெஸ்ட்டை விடாதீர்கள். நாளைக்கு விரிவாக எழுதுகிறேன். இங்கே உவர்மலையில் கரண்ட் போய்ப் போய் வருகிறது.

யூன் 15

சரி, விரிவாக.

வெளி மெட்ரிக் சேர்வர்கள் எல்லாமே ஒரே கோப்பில்தான் இருக்கின்றன. எட்சி அடைவுக்குள் ப்ரொக்ஸ்மொக்ஸ்-பெக்கப், அதற்குள் மெட்ரிக்சேர்வர் டொட் சிஎஃப்ஜி. எச்டிடிபி வழியாக அனுப்பும் வகையும், பதில் எதிர்பாராமல் அனுப்பும் யூடிபி வகையும் அதே கோப்பில். டைஜெஸ்ட் என்பது அந்தக் கோப்பு முழுவதையும் எஸ்எச்ஏ-256 என்ற கைரேகைக் கணக்கில் போட்டு எடுத்த 64 எழுத்துச் சரம். நீங்கள் வாசித்தபோது கோப்பு எப்படி இருந்தது என்பதற்கு அது சாட்சி. எழுதும்போது அதையும் சேர்த்து அனுப்பினால், "நான் பார்த்த கோப்பு இன்னும் அப்படியே இருந்தால் மட்டும் மாற்று" என்று சொல்வதாக அர்த்தம். இடையில் யாராவது தொட்டிருந்தால் சேர்வர் மறுத்துவிடும், கோப்பு வேறொருவரால் மாறியிருக்கிறது, மீண்டும் முயற்சி செய் என்று.

கோப்புக்குப் பூட்டு இருக்கிறதே, அது போதாதா என்று சிலர் கேட்பார்கள். பூட்டு காப்பது எழுதும் அந்தக் கணத்தை மட்டும். நீங்கள் பக்கத்தைத் திறந்துவைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போன நேரத்தைப் பூட்டு காக்காது. டைஜெஸ்ட் காக்கும்.

இணையப் பக்கத்தில் திருத்தினால் இது தானாகவே போகும், நீங்கள் கவனிக்கவே மாட்டீர்கள். ஸ்கிரிப்ட்டில் நீங்கள்தான் போட வேண்டும். போடாவிட்டால் கடைசியாக எழுதியவர் வென்றார், முதலில் எழுதியவருக்குச் செய்திகூட வராது. அமைப்பை வாசிக்கும் அழைப்பின் பதிலில் தேடும்போது கவனம்: டைஜெஸ்ட் தரவுக்குள்ளே இருக்காது, தரவுக்குப் பக்கத்தில் தனியாக இருக்கும். உள்ளே தேடிவிட்டு "எனக்கு வரவில்லை" என்று எழுதாதீர்கள்.

யூன் 15, பின்னேரம்

ஒருவர் எழுதியிருக்கிறார்: "எங்கள் இடத்தில் நான் ஒருவன்தான் அட்மின். எனக்கு எதற்கு டைஜெஸ்ட்?"

ஒருவர்தானா? காலையில் திறந்து இன்னும் மூடாத உலாவித் தாவல் ஒன்று. இரவு தானாக ஓடும் கிரான் வேலை ஒன்று. போன வருடம் எழுதி மறந்துபோன அன்சிபிள் (அமைப்பைத் தானாக மாற்றும் கருவி) ஒன்று. இப்போது எத்தனை பேர்?

எங்கள் இடத்து நடப்பைச் சொல்கிறேன். பெட்டி திருகோணமலையில், மெட்ரிக் சேருமிடம் கொழும்பில், இடையில் வயர்கார்ட் விபிஎன் குழாய். கொழும்பில் இருக்கும் நண்பர் யூடிபி பதிவின் எம்டியுவை (ஒரு பொதியின் உச்ச அளவை) மாற்றிக்கொண்டிருந்த அதே நேரத்தில் நான் எச்டிடிபி பதிவைத் திறந்து வைத்திருந்தேன். நான் சேமிக்கப் போக மறுப்பு வந்தது. அவர் தொட்டது வேறு பதிவு, நான் தொட்டது வேறு பதிவு, பிறகென்ன மறுப்பு என்று எரிச்சல்தான் வந்தது. ஆனால் டைஜெஸ்ட் முழுக் கோப்புக்கும் ஒன்று. பக்கத்துப் பதிவில் ஒரு எழுத்து மாறினாலும் அது வேறு டைஜெஸ்ட். மறுபடி திறந்து பார்த்தால், அவர் எம்டியு மாத்திரம் இல்லை, என் பதிவின் குறிப்பிலும் "இதை வெள்ளிக்கிழமைக்குப் பிறகு தொட வேண்டாம்" என்று எழுதி வைத்திருந்தார். அந்த மறுப்பு வராமல் இருந்திருந்தால் அந்தக் குறிப்பு என் கண்ணில் பட்டிருக்காது.

யூன் 17

கிண்ணியாத் தம்பி ஸ்கிரிப்ட்டை அனுப்பியிருந்தார். பார்த்தேன். எழுதியது வடிவாகத்தான் இருக்கிறது, ஒரு இடம் தவிர: வாசித்த அமைப்பை முழுவதுமாகத் திருப்பி அனுப்புகிறார். தேவையில்லை. இந்தப் புதுப்பிப்பு அழைப்பு அனுப்பியதை மட்டும்தான் மாற்றும், அனுப்பாததைத் தொடாது. முகவரி மட்டும் மாறினால் முகவரியும் டைஜெஸ்ட்டும் போதும்.

டோக்கன் விடயத்தில் இது முக்கியம். வாசிக்கும்போது ஏபிஐ டோக்கனைத் திருப்பித் தராது, மறைத்துவிடும். அதனால் "வந்ததில் டோக்கன் இல்லை, அழிந்துவிட்டது" என்று பதறத் தேவையில்லை. அனுப்பாவிட்டால் பழைய டோக்கன் கோப்பில் அப்படியே இருக்கும்.

ஒரு புலத்தை எடுத்துவிட வேண்டுமென்றால் வெற்றுச் சரம் அனுப்பாமல், டிலீட் என்ற பட்டியலில் அந்தப் புலத்தின் பெயரைப் போட வேண்டும். இங்கே ஒரு குழி இருக்கிறது. எடுத்துவிட்ட புலம் இல்லாமல் போவதில்லை, இயல்புநிலைக்குத் திரும்புகிறது. பக்கெட்டை எடுத்தால் அது "ப்ரொக்ஸ்மொக்ஸ்" என்ற பெயருள்ள பக்கெட்டுக்கு எழுதப் பார்க்கும், நிறுவனப் பெயரும் அப்படியே. எனேபிள் (ஓடட்டுமா) என்ற புலத்தை எடுத்தால் என்ன ஆகும்? இயல்புநிலை "ஆம்". நிறுத்தி வைத்திருந்த சேர்வர் எழும்பி ஓடத் தொடங்கும்! நிறுத்த வேண்டுமென்றால் எனேபிளை எடுக்காதீர்கள், "இல்லை" என்று எழுதுங்கள்.

யூன் 17, கொஞ்சம் பிறகு

மூதூரிலிருந்து ஒருவர்: "இவ்வளவு கதை எதற்கு? கோப்பை நானோ எடிட்டரில் திறந்து கையால் மாற்றிவிட்டுப் போகலாமே."

போகலாம். வேலையும் செய்யும். அனுப்பும் ஒவ்வொரு தடவையும் அமைப்பைப் புதிதாக வாசிக்கிறது, சேவையை மறுதொடக்கம் செய்யக்கூடத் தேவையில்லை. ஆனால் கையால் எழுதும்போது பூட்டும் இல்லை, டைஜெஸ்ட்டும் இல்லை, எழுதியது சரியா என்று பார்க்க ஆளும் இல்லை. ஒரு வரியின் முன்னே இடைவெளி விடாமல் போனால் அந்தப் பதிவோடு நிற்காது. கோப்பு முழுவதுமே வாசிக்கப்படாமல் போகும், மற்றச் சேர்வர்களுக்குப் போவதும் நிற்கும்.

இன்னொன்று, உரிமை. அனுப்பும் வேலையைச் செய்யும் ப்ரொக்சி (பெக்கப் சேர்வரின் ஒரு சேவை) ரூட்டாக (முழு உரிமையுள்ள பயனராக) ஓடுவதில்லை, பெக்கப் என்ற பயனராக ஓடுகிறது. ரூட்டின் வீட்டில் வைத்து எழுதிய கோப்பைக் கொண்டுவந்து மேலே போட்டால், குழு உரிமை மாறி, ப்ரொக்சியால் வாசிக்க முடியாமல் போகலாம். நகல் எடுக்கும்போதும் திருப்பி வைக்கும்போதும் உரிமையோடு சேர்த்து நகலெடுக்கும் விருப்பத்தைப் போடுங்கள்.

நகல் எடுத்ததை இங்கே ஒட்டாதீர்கள். எச்டிடிபி பதிவின் டோக்கன் அந்தக் கோப்பில் வெளிப்படையாகவே இருக்கிறது. நேற்று ஒருவர் ஒட்டியிருந்தார், எடுக்கச் சொல்லிவிட்டேன். எடுத்தால் மட்டும் போதாது, இன்ஃப்ளக்ஸில் அந்த டோக்கனை இரத்துச் செய்து புதிது எடுக்க வேண்டும்.

யூன் 20

மாற்றும் ஒழுங்கு பற்றி. பலர் இருக்கிற பதிவையே திருத்துகிறார்கள். மூன்று விடயம் ஒன்றாக மாறும்போது நான் அப்படிச் செய்யமாட்டேன். புதுப் பெட்டிக்குப் புதுப் பதிவு போட்டு, பழையதையும் ஓட விடுவேன். இரண்டுக்கும் ஒரே நேரத்தில் போகும், பெக்கப் சேர்வருக்கு இது பாரமே இல்லை. புதியதில் தரவு சேருவதைக் கண்ணால் பார்த்த பிறகு பழையதை "இல்லை" என்று போடலாம். அழிப்பது பிறகு. பின்வாங்க வேண்டி வந்தால் ஒரு சொல்லை மாற்றினால் போதும், டோக்கனைத் தேடி யாருக்கும் தொலைபேசி எடுக்கத் தேவையில்லை.

இப்படிச் செய்தால் டைஜெஸ்ட் தேவையில்லைத்தானே என்று ஒருவர் கேட்கிறார். பாதி சரி. புதிதாகச் சேர்க்கும்போது ஒப்பிட ஒன்றும் இல்லை. பழையதை நிறுத்தும்போது தேவை.

முகவரி எழுதும்போது அடி முகவரியோடு நிறுத்துங்கள், 8086 போர்ட் வரைக்கும். எழுதும் பாதையை அதுவே சேர்த்துக்கொள்ளும். உலாவியில் இருந்து நீளமாக நகலெடுத்து ஒட்டினால் பாதை இரண்டு தடவை வரும்.

யூன் 21

"சேமித்தபோது பிழை வரவில்லை, அப்படியென்றால் எல்லாம் சரிதானே?" இல்லை.

சேமிக்கும்போது பெக்கப் சேர்வர் மறுபக்கத்தைத் தட்டிப் பார்க்கும், உண்மைதான். ஆனால் தட்டுவது இன்ஃப்ளக்ஸின் நலம் விசாரிக்கும் வாசலை. அந்த வாசலுக்கு டோக்கன் தேவையில்லை. பிழையான டோக்கனோடும் "உயிரோடு இருக்கிறேன்" என்று பதில் வரும். உண்மையான பரீட்சை முதல் தடவை எழுதும்போதுதான். சரியாக எழுதினால் இன்ஃப்ளக்ஸ் 204 தரும், டோக்கன் பிழை என்றால் 401. அந்த 401ஐ இணையப் பக்கத்தில் யாரும் காட்டமாட்டார்கள், ப்ரொக்சி சேவையின் ஜேர்னலில் (பதிவேட்டில்) போய்ப் பார்க்க வேண்டும். 10 செக்கனுக்கு ஒரு தடவை அனுப்புகிறது, அதனால் நிறைய நேரம் காத்திருக்கத் தேவையில்லை. சேமித்து, ஒரு நிமிடம் விட்டு ஜேர்னல், அப்புறம் புதுப் பக்கெட்டில் கடைசி ஐந்து நிமிடத் தரவு. இரண்டையும் பார்க்காமல் "மாற்றிவிட்டேன்" என்று மேலாளருக்கு மின்னஞ்சல் போடாதீர்கள்.

வரைபடம் காட்டும் கிராஃபானாவில் எச்சரிக்கை வைத்திருப்பவர்கள் மாற்றும் நேரத்துக்கு அதை அமைதியாக்கி வையுங்கள். தரவு இல்லை என்று நள்ளிரவில் தொலைபேசி அலறினால் வீட்டில் பேச்சு விழும்.

யூன் 25

யூடிபி பற்றிக் கேட்டவருக்கு. முடிந்தால் விட்டுவிடுங்கள். இன்ஃப்ளக்ஸ்டிபி 2இல் யூடிபி ஆதரவே கைவிடப்பட்டுவிட்டது, பழைய 1.8 வைத்திருப்பவர்களுக்குத்தான் இது. அவர்களும் எச்டிடிபி வகையையே பாவிக்கலாம். 1.8இலும் வி2 போன்ற எழுதும் வாசல் ஒன்று இருக்கிறது, பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் இடையில் முக்காற்புள்ளி வைத்து டோக்கனாகப் போட்டால் ஏற்கும், நிறுவனப் பெயர் தேவையில்லை.

யூடிபி என்பது டச்பே கரையில் நின்று தூரத்துப் படகைக் கூப்பிடுவது போல. கேட்டதா என்று அங்கிருந்து ஒருவரும் கை காட்டமாட்டார்கள். போர்ட் இலக்கம் பிழை என்றாலும், மறுபக்கம் நின்றுபோயிருந்தாலும் உங்களுக்கு எல்லாம் நல்லபடிதான் தெரியும்.

இருந்தும் வைத்திருக்கத்தான் வேண்டுமென்றால் எம்டியுவைப் பாருங்கள். இயல்பில் 1500. வயர்கார்ட்டின் வழமையான எம்டியு 1420, பிபிபிஓஇ இணைப்பில் 1492. குழாயை விடப் பெரிய பொதி துண்டாகும், ஒரு துண்டு தொலைந்தால் முழுப் பொதியும் போச்சு. கொழும்பு நண்பர் அன்று மாற்றிக்கொண்டிருந்தது இதைத்தான்.

யூன் 26

சான்றிதழ் பற்றிச் சொல்ல விட்டுப்போனது. சொந்தமாக ஒப்பமிட்ட சான்றிதழ் என்றால் இணைப்பு மறுக்கப்படும், உடனே எல்லோரும் டிஎல்எஸ் (மறைகுறியாக்கிய இணைப்பு) சரிபார்ப்பை அணைக்கிறார்கள். அணைத்தது அணைந்தபடியே வருடக்கணக்காகக் கிடக்கும். பெட்டி டெபியன் லினக்ஸ்தானே, உங்கள் சான்றிதழ் அதிகாரத்தை உள்ளூர் சான்றிதழ் அடைவில் போட்டுப் புதுப்பித்தால் கணினி முழுவதும் அதை நம்பும். டோக்கன் இந்த வழியாகத்தான் போகிறது, ஞாபகம் இருக்கட்டும்.

யூலை 3

இழை திசைமாறிக் கரண்ட் பக்கம் போய்விட்டது, பரவாயில்லை, திருகோணமலையில் சேர்வர் பற்றிப் பேசினால் அங்கேதான் போய் முடியும். ஒருவர் எழுதுகிறார், தன் வரைபடத்தில் பெப்ரவரி 9ஆம் தேதி பெரிய ஓட்டை இருக்கிறதாம், அமைப்பு மாற்றியதால் வந்ததா என்று. இல்லை ஐயா. அது பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு பாய்ந்து நாடே இருண்ட ஞாயிற்றுக்கிழமை. மின்சக்தி அமைச்சரே குரங்கென்றுதான் சொன்னார். அந்த ஓட்டைக்கு டைஜெஸ்ட்டால் ஒன்றும் செய்ய முடியாது. வரைபடத்தில் ஒரு குறிப்புப் போட்டு வையுங்கள், அடுத்த வருடமும் யாராவது கேட்பார்கள்.

ஆனால் அதில் ஒரு உண்மையான பிரச்சினை ஒளிந்திருக்கிறது. கரண்ட் போய், யூபிஎஸ்ஸும் தீர்ந்து, பெட்டி பிறகு எழும்பும்போது சின்னப் பெட்டிகளில் மதர்போர்ட் பட்டரி செத்திருந்தால் கடிகாரம் பழைய தேதியில் நிற்கும். மெட்ரிக்கின் நேரத்தை முத்திரையிடுவது பெக்கப் சேர்வர்தான், இன்ஃப்ளக்ஸ் அல்ல. நேரம் பின்னால் நின்றால் தரவு பழைய தேதிக்குப் போய் விழும், பக்கெட்டின் வைத்திருக்கும் காலத்தை விடப் பழையது என்றால் ஏற்கப்படவே மாட்டாது. முன்னால் நின்றால் எழுதப்படும், ஆனால் "இப்போது வரை" என்று கேட்கும் வரைபடத்தில் தெரியாது. ஜேர்னலில் பிழை இல்லை, வரைபடத்தில் தரவும் இல்லை, ஆள் குழம்பிவிடுவார்.

எனவே மாற்றத்துக்கு முன் பார்க்க வேண்டியவற்றில் கடிகாரத்தையும் சேருங்கள். நேரத்தைச் சரிசெய்யும் குரோனி ஒத்திசைந்திருக்கிறதா என்று பாருங்கள். யூடிசிக்கும் எங்கள் நேரத்துக்கும் நேரவலய வித்தியாசம் ஐந்தரை மணி என்பதையும் நினைவில் வையுங்கள். சரியாக ஐந்தரை மணி தள்ளி வரைபடம் வந்தால் குற்றவாளி அதுதான்.

உப்புக்காற்றுக்கு அந்த நாணய பட்டரியின் தொடுமுனைகள் பச்சை பிடிக்கின்றன. நிலாவெளிப் பக்கம் கடற்கரையோடு இருக்கும் ஒரு விடுதியின் பெட்டியைத் திறந்தபோது விசிறியில் உப்பு மொய்த்துக் கிடந்தது, திருகாணிகள் துரு. மெட்ரிக்கில் அதைக் காட்டும் வரி எதுவும் இல்லை.

யூலை 4

மேலே "பெக்கப் ஓடும்போதும் மாற்றலாம்" என்று முதல் நாள் எழுதியதில் சின்னத் திருத்தம். தொழில்நுட்பமாக அது சரி. ஆனால் பெக்கப் ஓடும் நேரத்தில் வட்டும் வலையும் ஏறியிருக்கும், அந்த நேரத்து வரைபடம்தான் உங்களுக்கு வேண்டியது. அதை எதற்கு இழக்க வேண்டும்? பகலில் சும்மா நிற்கும் நேரத்தில் மாற்றுங்கள். பெக்கப்புக்காகச் சொல்லவில்லை, வரைபடத்துக்காக.

இன்னொன்று, இந்த மெட்ரிக் உங்களுக்குச் சொல்வது சீபியு, நினைவகம், வலை, வட்டு, டேட்டாஸ்டோர் (பெக்கப் சேரும் இடம்) எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்ற அளவில்தான். பெக்கப் மீட்டெடுக்கக் கூடியதா என்று அது சொல்லாது. கோடு வடிவாக ஓடுகிறது என்று சரிபார்ப்பு வேலையை நிறுத்தி வைத்திருந்த இடம் ஒன்றை எனக்குத் தெரியும். பெயர் வேண்டாம்.

ஓகஸ்ட் 11

பெக்கப் சேர்வர் 4.0 வந்துவிட்டது, டெபியன் 13இல். "மேம்படுத்தும்போதே மெட்ரிக்கையும் புதுப் பெட்டிக்கு மாற்றிவிடவா, ஒரே வேலையாகப் போகும்" என்று கேட்கிறார்கள். வேண்டாம். ஏதாவது நின்றால் எதனால் நின்றது என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? மேம்படுத்துவதற்கு முன் மெட்ரிக் சரியாக ஓடினால், மேம்படுத்திய பிறகு நினைவகமும் வட்டும் எப்படி மாறின என்று ஒப்பிட ஒரு ஆதாரம் கிடைக்கும். முதலில் மெட்ரிக், ஒரு கிழமை விட்டு மேம்படுத்தல். அவசரக்காரர் அதைக் குறைக்கலாம், ஒரே நாளாக்காதீர்கள்.

ஓகஸ்ட் 12

413 (அனுப்பியது பெரிதாகிவிட்டது என்ற பிழை) வருகிறது என்றவருக்கு: இன்ஃப்ளக்ஸுக்கு முன்னால் என்ஜின்எக்ஸ் (இடையில் நிற்கும் வலைச் சேர்வர்) வைத்திருக்கிறீர்களா? அது ஒரு தடவையில் ஏற்கும் தரவின் அளவு எல்லை இயல்பில் 1 எம்பிதான். பெக்கப் சேர்வர் பக்கத்தில் அதிகபட்சம் 25,000,000 பைட். வழமையாக ஒரு பெட்டி இவ்வளவு அனுப்பாது, ஆனால் வந்துவிட்டது என்றால் இரண்டில் ஒன்றை மற்றதோடு ஒத்துப்போகச் செய்யுங்கள். நான் என்றால் என்ஜின்எக்ஸைத்தான் கூட்டுவேன்.

செப்டெம்பர் 2

கிண்ணியாத் தம்பி மாற்றி முடித்துவிட்டார். ஸ்கிரிப்ட் ஒரு தடவை மறுக்கப்பட்டதாம். பார்த்தால் அவருடைய பழைய கிரான் ஒன்று ஒவ்வொரு மணித்தியாலமும் குறிப்புப் புலத்தில் தேதி எழுதிக்கொண்டிருந்திருக்கிறது. ஒரே அட்மின் என்று மேலே சொன்னவர் இதைக் கட்டாயம் வாசிக்கவும்.

மறுப்பு வந்தால் ஸ்கிரிப்ட் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். தானாக மறுபடி வாசித்து மறுபடி எழுத வைக்க வேண்டாம், அப்படி வைத்தால் டைஜெஸ்ட் இருந்தும் இல்லாதது போலத்தான். நிற்கட்டும். வித்தியாசத்தைக் காட்டட்டும். மனிதர் ஒருவர் பார்த்துவிட்டு மறுபடி ஓடவிடட்டும்.

செப்டெம்பர் 9

கடைசிக் கேள்வி: பழைய பதிவை எப்போது அழிக்கலாம்?

பழைய இன்ஃப்ளக்ஸில் இருக்கும் வரலாறு உங்களுக்கு வேண்டுமா என்பதை முதலில் தீர்மானியுங்கள். பதிவை அழிப்பதால் வரலாறு அழியாது, பெட்டியை நிறுத்தினால்தான் போகும், ஆனால் ஆட்கள் இரண்டையும் ஒரே நாளில் செய்துவிடுகிறார்கள். மாத முடிவு அறிக்கை எடுப்பவர்கள் அது முடியும் வரை பொறுக்கலாம். பிறகு பழைய டோக்கனை இன்ஃப்ளக்ஸ் பக்கத்தில் இரத்துச் செய்யுங்கள். "இல்லை" என்று போட்ட பதிவு அதன்பிறகும் 401 எழுப்பினால் அது உண்மையில் நிற்கவில்லை என்று அர்த்தம், அழிப்பதற்கு முன் அதைக் கண்டுபிடிப்பது நல்லது. ஜேர்னல் அமைதியாக இருந்தால் பதிவை அழியுங்கள். அழிக்கும் அழைப்பும் டைஜெஸ்ட்டை ஏற்கும், அதையும் போடுங்கள்.